சத்தம் வந்தால்தான் பேர்

பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, விடியலில் செய்ய வேண்டிய வேலை. இளைப்பு நோயும் விடியலில்தான் வேலைக்கு வரும். நெஞ்சுக்குள் பூனை கத்தும் என் சக நோயாளிகளுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறினால் மரத்தில் பாலும் நின்றுவிடும், நெஞ்சில் இழுப்பும் நின்றுவிடும். மலாயாவில் உலு திராம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் மனைவி அஞ்சலையும் வேலை செய்த காலத்தில், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. அடிக்கடி வேலைக்கு வராதவனைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு.

பெரட்டு

விடியுமுன் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் களத்தில் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. கூப்பிட்டதும் "ஐயா!" என்று குரல் கொடுத்தால் அன்றைக்குப் பேர் விழும், கூலி உண்டு. ஒரு நாள் எனக்கு மூச்சு விடவே மூச்சு போதவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். கிராணி விளக்கை உயர்த்தி என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

பெண்கள் வரிசையிலிருந்து அஞ்சலை, "ஐயா, அவரு இங்கதான் நிக்கிறாரு!" என்று கத்தினாள். கிராணி திரும்பவே இல்லை.

"நிக்கட்டும்மா. சத்தம் வந்தாத்தான் பேரு."

ஆஸ்பத்திரி மேடு

தோட்டத்து ஆஸ்பத்திரி மேட்டின்மேல் இருந்தது. இழுப்பு இருந்தால் மேடு ஏற முடியாது. மேடு ஏற முடிந்தால் இழுப்பு இருக்காது. நான் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும்போது நெஞ்சு சமர்த்துப் பிள்ளையாக இருக்கும். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"இழுக்கிறப்ப வாய்யா. நின்னப்புறம் வந்தா உன் மூஞ்சியவா பாக்கறது?"

புகைக்கொட்டகை

கங்காணி என்மேல் இரக்கப்பட்டு உட்கார்ந்த வேலை வாங்கிக் கொடுத்தார். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில்! யாரிடம் போய் அழுவது? ஆனால் அங்கே மேஸ்திரியாக இருந்த முத்தையா அண்ணன் என்னை ஒரு கருவியாகவே பழக்கிவிட்டார். நான் லேசாக இருமினால் புகை பதம். விடாமல் இருமினால் கதவைத் திறந்துவிடுவார். அந்த மாதம் ஷீட்டுகள் நன்றாக இருந்தன, நான்தான் நன்றாக இல்லை. ஒரு நாள் படுத்துவிட்டேன். சாயங்காலம் அவர் லயத்துக்கே வந்துவிட்டார்.

"நீ வந்து இருமாம, ஷீட்டெல்லாம் கருகிப் போச்சேப்பா!"

கப்பல்

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் குறைக்க வேண்டும், நோயாளிகள் முதலில் ஊருக்குப் போகட்டும் என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. அஞ்சலை அப்போது முழுகாமல் இருந்தாள். ஊரில் போய் இறங்க எங்களுக்கு ஒரு கூரை கிடையாது. அந்த வயிற்றோடு அவளையும் இந்த நெஞ்சோடு என்னையும் கப்பல் தட்டில் நினைத்துப் பார்க்கவே நடுக்கமாக இருந்தது.

அன்று பெரட்டுக்குத் துரையே வந்து நின்றார். பக்கத்தில் சிங்கப்பூருக்குப் போகும் லாரி. கப்பலுக்குப் போகிறவர்களின் பேரைக் கிராணி கூப்பிட, குரல் கொடுத்தவர்கள் குடும்பத்தோடு லாரியில் ஏறினார்கள். என் பேரும் வந்தது. பயத்தில் இழுப்புப் பிடித்துக்கொண்டது. சத்தியமாக நடிக்கவில்லை, வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது.

கிராணி விளக்கை உயர்த்தினார். என்னைப் பார்த்தார். அஞ்சலையின் வயிற்றைப் பார்த்தார். இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு விளக்கைத் தாழ்த்திக்கொண்டு துரை பக்கம் திரும்பினார்.

"சத்தம் வரல, தொரை. ஆளு இல்ல."

ஆக, அந்த ஒரு காலையில் ஆள் இல்லாமல் போனதால்தான், அதே தோட்டத்தில் மகளையும் வளர்த்துக்கொண்டு இன்னும் பல வருஷம் அடிக்கடி வேலைக்கு வராமல் இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.