திறந்து பார்க்காத துப்பாக்கி

சுவிஸின் லுசேர்ண் நகரில் ஒரு காவல் நிறுவனத்தில் நானும் குகன் அண்ணையும் ஒன்றாக வேலை செய்தோம். ஆயுதத்துடன் நிற்கும் பதவி ஒன்று காலியானது. துப்பாக்கியை உடையில் மறைத்துக் கொண்டுசெல்லும் அனுமதிப் பரீட்சையில் தேறினால் அது அண்ணைக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அண்ணை சேர்ந்த வகுப்பில் பயிற்றுவித்த பெண் இரண்டு நாளாகச் சுடவே விடவில்லை. துப்பாக்கியை வாங்குவது, திறந்து பார்ப்பது, திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு வகுப்போ அண்ணை? நான் போற வகுப்புக்கு வாங்கோ. பழைய கேள்வியெல்லாம் தருவினம், முதல் நாளே சுடலாம்" என்றேன்.

"ஊர் ரியூசன் மாதிரியோ?" என்று சிரித்தார். ஆனாலும் வந்தார்.

கேள்விகளை வரி தவறாமல் பாடமாக்கினோம். எழுத்துப் பரீட்சையில் இருவரும் தேறினோம். செய்முறையில் பரீட்சகர் துப்பாக்கியை நீட்டி, உள்ளே தோட்டா இல்லை என்றார். அண்ணை அதை நம்பி, திறந்து பார்க்காமலே உறைக்குள் வைத்தார். பார்க்காததற்காகவே அவர் தேறவில்லை; பரீட்சை அத்தோடு முடிந்தது. அடுத்துப் போன நானும் அதையேதான் செய்து தோற்றேன்.

"ஆர் சொன்னாலும் நம்பாதை, திறந்து பார் எண்டுதானேடா அந்த மனிசி முதல் நாளே சொன்னவ" என்றார் அண்ணை.

அவர் மறுபடி பரீட்சைக்குப் போகவில்லை. நான் அவரிடம் சொல்லாமல் அந்தப் பெண்ணிடமே படித்துத் தேறினேன். பதவி எனக்குக் கிடைத்தது.

இப்போது தினமும் திறந்து பார்த்துத்தான் துப்பாக்கியை உறையில் வைக்கிறேன். முன்பெல்லாம் "என்னடா தம்பி" என்று தோளில் தட்டும் அண்ணை, வாசலில் என்னைக் கண்டால், முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதுபோல சுவிஸ் ஜெர்மனில் "கிரூட்சி" என்று வணக்கம் வைக்கிறார்.