அண்ணி உள்ளே வந்த நாள்

போன மாதம் எனக்குக் கொரோனா வந்தது.

மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு விமலாவிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் கேட்டார்: "இன்னுமாங்க இருக்குது அது?"

இருக்கிறது. நாம் மறந்துவிட்டோம் என்பதற்காக அது ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போய்விடுமா என்ன?

எனக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. மூடிய ஹால், ஏசி, நூறு பேர். நான் ஒருத்திதான் மாஸ்க். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குரூப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். "மேடம், மூஞ்சி தெரியணும் இல்ல?" என்றார் போட்டோகிராபர். கழற்றினேன். கழற்றியதை மறுபடி மாட்ட மறந்து, பக்கத்தில் இருந்தவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். அவர் நடுநடுவே இருமினார் என்பது மூன்று நாள் கழித்து, டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு தெரிந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

சாதாரண வீடாக இருந்தால் இது ஒரு செய்தியே இல்லை. மிளகு ரசம், பாராசிட்டமால், நான்கு நாள் படுக்கை. ஆனால் எங்கள் வீடு கொஞ்சம் வேறு மாதிரி.

என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம். நாட்டுக்குள் கொரோனா வருவதற்கு முந்தைய வருடம் வேலூரில் ஆபரேஷன் நடந்தது. கொடுத்தவர் அவருடைய அக்கா கஸ்தூரி. தேவிகாபுரத்தில் இருக்கிறார். எனக்கு அண்ணி. வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க என் கணவர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கியே வைத்திருக்கும். மற்றவர்களுக்குத் தும்மலோடு போவது இவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.

ஆகவே ஊரடங்கு முடிந்தும் எங்கள் வீட்டில் முடியவில்லை. நான் முடிக்கவில்லை.

என் கணவர் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். ஆரணியில் பாதி நெசவாளர்களுக்கு அவரைத் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் கேட்டோடு நிற்க வேண்டும். நூல் சாம்பிளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆரம்பத்தில் கிருமி சாகட்டும் என்று அந்த நூலை நான் மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன்... இந்த ஊரில் பட்டு நூலை வெயிலில் வடாம் மாதிரி காய வைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அரக்கு நிறம் வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. அவர் அன்று என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் வாட்ஸ்அப் போட்டோ என்று ஆக்கினேன். "போன்ல பாத்தா அரக்கு வேற, கையில பாத்தா அரக்கு வேற, சாந்தி" என்பார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இதில் எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்று உண்டு. அண்ணியும் கேட்டோடுதான் நின்றார்.

மாதம் ஒரு முறை தேவிகாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவார். கத்திரிக்காய், வேர்க்கடலை, ஏதாவது ஒரு பை. கேட்டில் மாட்டிவிட்டு, வாசலில் நிற்கும் தம்பியைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். ஒரு வாய் காபி கூடக் குடித்ததில்லை. முதல் இரண்டு வருடம் அது நியாயம்தான். அப்புறமும்?

அவருடைய ஒரே மகள் ரேவதியின் கல்யாணம், ஊரே மாஸ்க்கைக் கழற்றிப் போட்ட பிறகுதான் நடந்தது. தாய்மாமன் போக வேண்டாமா? மண்டபத்தில் எண்ணூறு பேர் வருவார்கள் என்று சொல்லி நான் நிறுத்திவிட்டேன். மாமன் மாலையை ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் போட்டார். என் கணவர் அதை வீடியோ காலில் பார்த்தார். நடுவில் சிக்னல் போய்விட்டது. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி சண்டை போடவில்லை. "சரிம்மா, உடம்புதான முக்கியம்" என்றார். அதற்குப் பிறகு அந்த மாதாந்தர வருகை நின்றுபோனது. போனில் மட்டும் பேசுவார்.

இப்படிப் பொத்திப் பொத்திக் காத்த வீட்டுக்குள் கொரோனாவைக் கொண்டு வந்தது யார்? நான்!

இரண்டு கோட்டைப் பார்த்ததும் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கீழே அவர் தனியாக. மகள் கோவையில், கைக்குழந்தையோடு. வராதே என்று நானே சொல்லிவிட்டேன். அவருக்கு உப்புக் குறைத்துச் சமைக்க வேண்டும், நேரத்துக்கு மாத்திரை தர வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கஸ்தூரி அண்ணி. முகத்தில் மாஸ்க். கையில் துணிப்பை. தம்பி போன் பண்ணியிருக்கிறார்.

"அண்ணி, உள்ள வராதீங்க! எனக்குக் கொரோனா!"

"தெரியும். அதுக்குத்தான் வந்துகினு இருக்கேன்."

"உங்களுக்கு இருக்கறதே ஒரு கிட்னி, அண்ணி. உங்களுக்கு ஒண்ணுன்னா..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னொண்ணு இந்த வீட்டுக்குள்ளதானம்மா இருக்குது? அதுக்குச் சோறு போட யாரு இருக்காங்க? என்னோடது உள்ள, நானு வெளியன்னு இன்னும் எத்தினி நாளைக்கு?"

அண்ணி செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். குழாயில் கை கழுவும் சத்தம் நிறைய நேரம் கேட்டது.

அடுத்த இரண்டு நாட்களில் எனக்கு ஒன்று புரிந்தது. என்னைவிடக் கறாரான ஆள் அவர். எல்லா ஜன்னலையும் திறந்து போட்டார். தம்பியோடு ஒரே அறையில் இருந்தால் மாஸ்க். என் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, "சாந்தி... வெச்சிட்டேன், நான் கீழ போனப்புறம் எடு" என்பார். தண்ணீர் குடிக்க நான் ஒருமுறை கீழே எட்டிப் பார்த்ததற்கு, "மேல போ!" என்று ஒரு அதட்டல். இவரையா இத்தனை வருடம் நம்பாமல் இருந்தேன்?

மூன்றாம் நாள் காலை கீழிருந்து இருமல் கேட்டது. என் கணவருடைய இருமல்.

உடனே எங்கள் குடும்ப டாக்டர் ஜினதாஸுக்குப் போன் போட்டேன். எங்களுக்கு இருபது வருடப் பழக்கம். அதிர்ந்து பேசாத மனிதர். அன்று மட்டும் அவசரப்படுத்தினார். "டெஸ்ட் பண்ணுங்க. பாசிட்டிவ்னா உடனே வேலூர். சாயந்திரம் வரைக்கும் பாக்கலாம்னு இருக்காதீங்க. எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க, அதை அங்க சொல்லுவாங்க."

இரண்டு கோடு.

கிளம்பும் முன் அவர் மாடிப்படியில் பாதி ஏறி வந்து நின்றார். நடுவில் சாத்திய கதவு.

"என்னாலதான்" என்றேன்.

"ஒரே வீடு சாந்தி. உனக்கு வந்தா எனக்கும் வரும். அதுக்கு நீ இன்னா பண்ணுவே?" இருமிவிட்டுச் சொன்னார்: "நீ சாப்பிடு. அக்கா கூட வருது."

வாடகைக் காரின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அக்கா முன்னால், தம்பி பின்னால் என்று போனார்கள். தெரு திரும்பும் வரை ஜன்னலில் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஆரம்பித்தார்கள். ஒரு மாத்திரையின் அளவை மாற்றினார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணி போன் பண்ணி ஆக்சிஜன் எண்ணைச் சொல்வார். முதல் நாள் தொண்ணூற்றாறு. இரண்டாம் நாள் தொண்ணூற்று மூன்று. மூன்றாம் நாள் ஐந்து மணிக்குப் போன் வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை. நான் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் என்ன செய்தேன் தெரியுமா? துணி மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். மகளைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ எதுவும் மனசில் ஓடவில்லை. திரும்பத் திரும்ப வந்தது ஒரே காட்சிதான்... அக்கா மகள் கல்யாணத்தன்று அவர் போனைக் கவிழ்த்து வைத்தது. ஒருவேளை இவர் திரும்பி வராவிட்டால், இத்தனை வருடம் நான் இவருக்குச் சேர்த்துக் கொடுத்தது என்ன? ஜன்னலும் கம்ப்யூட்டரும்!

ஆறரைக்குப் போன் வந்தது.

"இன்னாம்மா, பயந்துட்டியா? சார்ஜர வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். பக்கத்து பெட்டுக்கார அம்மா கிட்ட கெஞ்சி வாங்கறதுக்குள்ள பேஜாராப் போச்சு. தொண்ணூத்தஞ்சு. இட்லி ரெண்டு சாப்பிட்டான்."

நான் போனை வைத்துவிட்டுச் சத்தமாக அழுதேன். மாடியில் தனியாக இருந்ததில் அது ஒரு வசதி.

ஆறாம் நாள் என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்திருந்தார், அவ்வளவுதான். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் எனக்கும் சரியாகி, கிட்டில் ஒற்றைக் கோடு. அண்ணிக்குக் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

இப்போது நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? நான் திருந்தியிருப்பேன் என்றுதானே? இல்லை. மறுநாளே புதுச் சட்டங்களை அறிவித்தேன். இனி நானும் எந்த விழாவுக்கும் போகப் போவதில்லை, அலுவலகத்தில் தனி அறை கேட்கப் போகிறேன், வீட்டுக்குள்ளும் மாஸ்க்...

அவர் பொறுமையாக முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இத்தினி வருஷமா நீ என்னெக் காப்பாத்திகினு இருக்கே. நான் உயிரோட இருக்கறதுக்கு அது ஒரு காரணம். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு தபா கூட உனக்கு இன்னா வேணும்னு என்னெக் கேக்கல, சாந்தி."

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் அது உள்ளே இறங்கியது.

"சரி, கேக்கறேன். இன்னா வேணும்?"

"மண்டபம் வேணாம். ஏசி ஹால் வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போனா, பஸ்ல ஏறினா மாஸ்க் போட்டுக்கறேன். தடுப்பூசி போடணும்னா போட்டுக்கறேன். ஆனா நூலைக் கையில வாங்கி வெளிச்சத்துல பாக்கணும். கொண்டாரவங்க எதிர்ல உக்காந்து பேசணும். அக்கா வந்தா காபி குடிச்சிட்டுப் போகணும்."

இவ்வளவுதான் அவர் கேட்டது.

டாக்டர் ஜினதாஸிடம் போனபோது நான் பழைய கேள்வியையே கேட்டேன். "எப்போ டாக்டர் இதையெல்லாம் விடலாம்?"

"எப்பன்னு கேட்டா எனக்குத் தெரியாதும்மா. அது தேதி சொல்லிட்டுப் போற வியாதி இல்ல. எதை விடலாம்னு கேளுங்க, அதுக்குப் பதில் சொல்றேன்."

என் கணவர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒன்று மட்டும் சேர்த்தார்: "வர்றவங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தா அவங்க சொல்லணும். சொல்றது அவங்க வேலை. எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே சுமக்காதீங்க."

அண்ணி ஊருக்குக் கிளம்பும்போது, கையில் காபி டம்ளரோடு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். ரேவதியின் குழந்தைக்கு ஒரு வயசு முடிகிறது. படவேட்டில் அம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். ரேவதிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மடியில் உட்கார வைக்க ஒரு மாமன் வேண்டும். "திறந்த வெளிதான். மரத்தடியிலதான் பந்தல். உனக்குச் சரின்னா..."

நான் என் கணவரிடம் திரும்பினேன். "நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். அண்ணி முந்தின நாளே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, சளி இருந்தால் வர வேண்டாம், பலகாரம் வீடு தேடி வரும் என்று சொல்லியிருந்தார். அப்படியும் அவருடைய கொழுந்தனார் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து இறங்கினார். அண்ணி விடவில்லை. எதிர்ப் பக்கப் புளியமரத்தடியில் அவருக்கு மட்டும் தனியாக ஒரு நாற்காலி, ஒரு வாழை இலை. மனிதர் கோபித்துக்கொள்ளாமல், அங்கிருந்தே சத்தம் போட்டு இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார்.

பந்தலில் என் கணவர் பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வீறிட்டது. அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து அழுதது, இருமியது, மூக்கையும் வாயையும் அவர் சட்டையில் துடைத்துக்கொண்டது. என் கை தானாக ஹேண்ட்பேக்கிலிருந்த மாஸ்க்கைத் தேடிப் போனது. அண்ணி பக்கத்திலிருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விட்டுவிட்டேன். என் கணவர் அந்தக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் பார்த்து வெகு நாளாகிறது.

மறுநாள் காலை காபியோடு தெர்மாமீட்டரையும் சேர்த்து நீட்டினேன். முறைத்தார். வாயில் வைத்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை.

கேட்டைத் திறக்கத்தானே சொன்னார்கள்... தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே!