இந்தா வாறன்: அப்பாவின் பாட்டில் அம்மாவின் குரல்

அப்பாவின் குரல் முதலில் எங்களைப் பிரிந்தது. அதன் பிறகுதான் அப்பா பிரிந்தார். தொண்டையில் நடந்த சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் பேச்சின்றி வாழ்ந்த மாதங்களிலும், ஸ்காபரோவின் ஏதோவொரு கலியாண மண்டபத்தில் ஒலித்த பதிவில் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களுக்கு அந்தக் குரலின் கதையைச் சொல்வது மகளாகிய என் கடமை; என் பெருமையும் அதுவே.

அப்பா யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் பழகினார். போர் அவரைக் கொழும்புக்கும் பின்னர் கனடாவுக்கும் துரத்தியது. டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி வீடொன்றில் அம்மாவுடன் குடியேறி, மிசிசாகாவில் களஞ்சியமொன்றுக்குப் பொதி ஏற்றும் வான் வண்டி ஓட்டினார். அந்த வானின் வானொலி ஒரே அலைவரிசையில் இறுகிப்போயிருந்தது. நாள் முழுவதும் ‘கன்ட்ரி’ எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்கள்: நீண்ட பாதை, மழை, குதிரை, விட்டுப்போன காதலி. ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாத காலத்திலேயே அந்தத் துயரமும் குறும்பும் அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டன.

“இவங்கள் குதிரையைப் பற்றிப் பாடலாமெண்டா, நான் என்ர வானைப் பற்றிப் பாடக்கூடாதோ?” என்று அம்மாவிடம் கேட்டாராம். முதலில் அந்த வானைத் திருத்தும் வழியைப் பாருங்கோ என்றாராம் அம்மா.

அப்படிப் பிறந்ததுதான் ‘ராசாத்தி’. உறைகுளிரில் இயங்க மறுக்கும் வானிடம், கோபித்துக்கொண்ட காதலியிடம் கெஞ்சுவதுபோல் ஒரு சாரதி கெஞ்சுகிறார், பாட்டு அவ்வளவே. நண்பர் வீட்டுப் பிறந்தநாளில் அதைக் கேட்டுவிட்டு எங்கள் வீடு தேடி வந்தவர், தாழை இசைப்பதிவகத்தின் உரிமையாளர். எங்களுக்கு அவர் தாழை அங்கிள். பதிவகம் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையே அது. அந்த வாரம் அங்கே அரிசி மூட்டைகள் நிறைந்திருந்ததால், கருவியை எங்கள் வீட்டு வரவேற்பறையில் வைத்துப் பதிந்தார்கள். அப்பா உருகி உருகி “ராசாத்தி” என்று அழைத்த தறுவாயில், பதிவு தொடங்கியதை அறியாத அம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

“இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது.”

அப்பா கிற்றாரை நிறுத்தவில்லை. மெட்டுப் பிசகாமல் “இந்தா வாறன்” என்று பாடி, அப்படியே பாட்டை முடித்துவிட்டார்.

திரும்பப் பதியத்தான் வேண்டுமென்றார் தாழை அங்கிள். “ஐசே, சனம் பாட்டுக் கேக்கக் கசற் வாங்குதோ, உம்மட வீட்டுத் தேத்தண்ணி குடிக்க வாங்குதோ?” அம்மா வெட்கத்தில் குசினியை விட்டு வெளியே வரவில்லை. அப்பாவின் முதல் ஒலிநாடா அது. அங்கிள் எழுந்து போயிருந்தால், வான் ஓட்டுபவரைப் பாடச் சொல்லி வேறெவரும் வந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அப்பா இணங்கவில்லை.

“அவ கூப்பிட்டவ, நான் மறுமொழி சொன்னனான். அதை வெட்டினா மிச்சம் பாட்டில்லை, அண்ணை.”

அங்கிள் கோபத்தோடு மறுபடியும் போட்டுக் கேட்டார். வானிடம் காதல் பேசுபவரை மனைவி கூப்பிடும் இடம் வந்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் குரல் தப்பியது.

அதன் பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்பா எந்த மண்டபத்தில் பாடினாலும் அந்த இடத்தில் கிற்றாரை மெல்லத் தட்டிக் காத்திருப்பார்; சபை முழுவதும் “இஞ்சாருங்கோ” என்று கூவும். பனி அள்ளும் பாட்டு, சலவை அறைப் பாட்டு எனக் கசற்றிலும் இறுவட்டிலும் அப்பா பாடிய அனைத்தையும் தாழையே வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் அழைத்தபோதும் அப்பா போகவில்லை. அம்மாவின் குரலுக்கு இடம் கொடுத்தவரை விட்டுப் போவதெப்படி என்பார். அம்மாவோ, தன்னால்தான் அந்தப் பாட்டுப் பழுதானது என்றே எண்ணியிருந்தார். கடைகளில் தெரிந்தவர்கள் தேத்தண்ணி ஆறிவிட்டதா என்று பகிடி பண்ணினால் தலையைக் குனிந்துகொள்வார்.

வெறும் சிரிப்புப் பாட்டுத்தானே என்போர் உளர். பட்டிமன்ற மேடைகளில் வாதிட்டுப் பழகிய நான் உறுதியாக மறுக்கிறேன். இரண்டு வேலை செய்து, ஊரில் இழந்தவர்களுக்காக அழவும் நேரமின்றி ஓடிய மனிதர்களை, ஒரு குளிர்காலச் சனிக்கிழமையில் வயிறு நோகச் சிரிக்க வைப்பது சிறிய காரியமா? அப்பா அதைச் செய்தார். அதற்காக எவரையும் இழிவுபடுத்தி ஒரு வரிகூடப் பாடவில்லை.

அப்பா பேச்சிழந்து நோயுற்றிருந்தபோது, தாழை அங்கிளின் மகன் டிலான் அண்ணா பழைய பாடல்களை இணையத்தில் ஏற்ற முனைந்தார். இரைச்சல் நீக்கித் துப்புரவாக்கிய ‘ராசாத்தி’யை எங்கள் வீட்டில் போட்டுக் காட்டினார். அம்மாவின் குரலும் இரைச்சலோடு போயிருந்தது.

“இப்பதான் வடிவாக் கிடக்கு,” என்றார் அம்மா.

அப்பா தலையசைத்து மறுத்தார். அம்மாவின் கையைப் பிடித்து, கணினியை நோக்கி உயர்த்திக் காட்டினார். டிலான் அண்ணாவுக்கு விளங்கிவிட்டது. “ஸொறி அங்கிள், அன்ரியைத் திருப்பிப் போடுறன்.”

அம்மா சிரித்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: “அதும் சரிதான். நான் கூப்பிடாட்டி இவர் ஆருக்கு வாறன் எண்டுறார்?” அன்றிலிருந்து அம்மா தலை குனிந்ததில்லை.

அப்பாவைப் பரிவோடு பராமரித்த தாதியருக்கும், விட்பியிலிருந்து நாள்தோறும் உணவு கொண்டுவந்த மாமா குடும்பத்தினருக்கும், எங்கள் துயரில் தோள் கொடுத்த அயலவர்க்கும், தாழை அங்கிளுக்கும் டிலான் அண்ணாவுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று மதிய உணவின்பின் மண்டபத்தில் ‘ராசாத்தி’ ஒலிக்கும். அம்மாவின் குரல் நீக்கப்பட்ட அந்தப் பிரதியைத்தான் டிலான் அண்ணாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். வழமைபோல் நீங்கள் கூவிவிட வேண்டாம். அந்த இடம் வரும்போது அம்மா கூப்பிடுவார். மறுமொழியை அப்பா சொல்வார்.