ஐந்தரை ரூபாய் எடை

மைசூரில் என் கணவர் டைபாய்டில் படுத்திருந்தபோது, வேளைக்கு இரண்டு அவுன்ஸ் குடகு ஆரஞ்சுச் சாறு மட்டுமே ஆகாரம் என்றார் டாக்டர். அக்ரஹாரத்து வீட்டில் அவுன்ஸ் கிளாஸ் ஏது?

"அஞ்சு வெள்ளி ரூபா எடைக்கு நிறுத்துக் குடும்மா" என்று டாக்டரே வழி சொன்னார்.

தராசின் ஒரு தட்டில் காலி டம்ளரும் ஐந்து ரூபாயும். மறு தட்டில் அதன் ஜோடி டம்ளரில் சாறு. ஒருநாள் கணவர் குடித்துவிட்டுத் தந்த டம்ளரைத் தராசில் வைத்தால், ஜோடியைவிடக் கனத்தது. அடியில் சாறு மிச்சம்.

"முழுசும் குடிச்சா என்ன?" என்று சீறினேன்.

"நான் சாப்பிடலேன்னு நீயும் பட்டினி கெடக்கறே. அது உனக்கு."

அளப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுவேளை ஐந்தரை ரூபாய் எடைக்கு நிறுத்தேன். டாக்டர் சொன்ன ஐந்தும் அவருக்குள் போயிற்று. அவர் மிச்சம் வைத்த அரையை நான் குடித்தேன்.