ஒன்பது ஆண்களைப் பற்றிய கடிதங்கள்

கலியாணம் முடிந்து பத்தொன்பதாம் நாள் நான் கனடாவுக்குத் திரும்ப விமானம் ஏறிவிட்டேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் அவர் எனக்குத் தாலி கட்டினார். அந்தப் பத்தொன்பது நாளில் பாதி, உறவினர் வீடுகளில் விருந்துச் சாப்பாட்டில் போனது. மீதியில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்த நேரம் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போய்வரக்கூடக் காணாது. தேநீருக்குச் சீனி குறைவாகப் போடவேண்டும், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவார், துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை. என் கணவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ரொறன்ரோவுக்குத் திரும்பி, ஸ்காபரோவில் அண்ணாவின் அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு அவரைக் கூப்பிட ஸ்பொன்சர் படிவங்களை நிரப்பி அனுப்பினேன். அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஆறு மாதத்தில் வந்துவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால், இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாத எல்லோரும்.

அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதோடு பேனை நின்றுவிடும். எழுத ஒன்றும் இல்லாமல் அல்ல. அவர் தன் அக்கா குடும்பத்தோடு இருந்தார். கனடாக் கடிதம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது பொதுச்சொத்து. தபால்காரனிடம் யார் வாங்குகிறாரோ அவரே உடைப்பார். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். உரியவர் கைக்கு அது கடைசியாகத்தான் வரும். அக்கா, அத்தான், அத்தானின் தாய், மேல்வீட்டு அன்ரி எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக, உங்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை என்று எப்படி எழுதுவது? வெட்கம் கெட்டவள் என்று ஒரே தபாலில் பெயர் எடுத்திருப்பேன். அதனால் இங்கே குளிர் குறைந்துவிட்டது என்று எழுதினேன். அவர் அங்கே மழை என்று எழுதினார்.

அந்தக் கோடையில் நான் வேலை செய்த தொழிற்சாலை ஒரு பிக்னிக் வைத்தது. பிளாஸ்டிக் மூடிகள் செய்கிற இடம். பூங்காவில் இரண்டு அணி பிரித்து பேஸ்போல் விளையாடினார்கள். எங்கள் ஆண்கள் கிரிக்கெட் நினைப்பில் துடுப்பை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்று மூன்று பந்தில் வெளியே போனார்கள். எனக்கோ அந்த விளையாட்டு பழகியதுபோல இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் எல்லே அணியில் இருந்தவள். எல்லேயிலும் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும், இடையில் தரிப்பிடங்களில் நிற்கலாம். ஆனால் எல்லேயில் ஓடுகிறவரின் உடம்பில் பந்தால் எறிந்தால் அவர் அவுட். பேஸ்போலில் அப்படி இல்லை என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பந்து என் கைக்கு வந்த நேரம், எங்கள் லைனுக்குப் பொறுப்பான போர்த்துக்கீசப் பெண்மணி இரண்டாவது தரிப்பிடமான பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். நான் குறிபார்த்து, முழுப் பலத்தோடு, அவருடைய முதுகில் எறிந்தேன். நல்ல எறி. அவர் கத்திக்கொண்டு புல்லில் குந்திவிட்டார். நான் இரண்டு கையையும் தூக்கி “அவுட்!” என்று துள்ளினேன். என்னைத் தவிர ஒருவரும் துள்ளவில்லை.

வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன். அந்தப் பெண்மணி திங்கட்கிழமை என்னைத் தனக்குப் பக்கத்தில் நிற்பாட்டி, ரேடியோவில் பேஸ்போல் வர்ணனையை வைத்து, இதுதான் உனக்குத் தண்டனை என்றார். நடந்ததை அப்படியே கொழும்புக்கு எழுதினேன். முன்பெல்லாம் மூன்று வரியில் முடிக்கிற மனிதர் இரண்டு பக்கம் பதில் போட்டார். “அக்கா வாசிக்கேக்க அத்தான் கதிரையில இருந்து விழப் பாத்தார். பந்து முதுகில எந்த இடத்தில பட்டது? பிறகு அவ எழும்பி ஓடினவவோ? உந்த விளையாட்டைப் பற்றி இன்னும் எழுதும்.” வாயை மூடாமல் அவர் சிரித்திருப்பார் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் இப்போதும் வெட்கம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பகல் ஆட்டம் ரி.வியில் தொடங்க நான் நீலக் கடிதத்தாளோடு உட்கார்ந்துவிடுவேன். நகரத்து அணியின் அடிகாரர் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக எடை போட்டு எழுதினேன். முதலாவதாக வருகிறவன்தான் என் ஆள். கண்டபடி வீசமாட்டான். பிழையான பந்துகளை விட்டு விட்டு, நாலாவதும் பிழையாக வந்ததும் துடுப்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு விதிப்படி ஓசியில் முதலாம் பேஸுக்கு நடந்து போவான். அண்ணாவுக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது. “அடிக்கத் தெரியாதவனுக்கு ஏன் துடுப்பு?” என்பார். பொறுத்திருப்பதும் ஒரு ஆட்டம்தான் என்று அண்ணாவுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, கொழும்புக்கு எழுதினேன். நாலாவதாக வருகிற தடியன், பந்து எங்கே வந்தாலும் வீசுவான். பட்டால் மதிலுக்கு வெளியே, படாவிட்டால் ஓரத்து வாங்கில் போய் உட்காருவான். களத்தடுப்பில் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிறவன் பூனை. இடது மூலையில் நிற்கிறவன் பந்து தலைக்கு மேலே போனபிறகுதான் திரும்பிப் பார்ப்பான்.

கொழும்புப் பத்திரிகைகளில் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு வரி வராது. என் கடிதம் ஒன்றுதான் அவருக்குச் செய்தி. அவர் கேள்வி மேல் கேள்வி அனுப்பினார். இடது மூலைக்காரனை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? கிண்ணத்துக்கான கடைசிச் சுற்று, அந்தப் பிளேஓவுக்குப் போவினமோ? அந்தக் கேள்வியை வாசித்த அன்றுதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கோயிலில் பூ வைத்துப் பார்ப்பதுபோல மனதுக்குள் வைத்தேன்: இவங்கள் பிளேஓவுக்குப் போனால் அவருக்கு விசா வரும்.

பிளேஓவுக்குப் போனார்கள். போனது மட்டுமல்ல, கிண்ணத்தையே வென்றார்கள். வீதியெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு கார்கள் போயின. தொழிற்சாலையில் போர்த்துக்கீசப் பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் வீட்டுக்கு ஓடிவந்து தபால்பெட்டியைத் திறந்தேன். பீட்சாக் கடை விளம்பரம் ஒன்று கிடந்தது.

விசா நேர்முகத்துக்கு அவரைக் கூப்பிட்டபோது இங்கே மாரிக்குளிர் வந்துவிட்டது. கலியாணம் உண்மையானதுதான் என்று காட்டக் கடிதங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவர் பாவம், என் கடிதங்கள் முழுவதையும் திகதி பார்த்து அடுக்கிக் கொண்டுபோனார். அன்று பின்னேரமே ரெலிபோன் எடுத்தார்.

“மொழிபெயர்க்கிற பெடியனுக்கு வாசிக்க வாசிக்க வேர்க்குது,” என்றார். “கடைசியா அதிகாரி கேட்டுது, உம்முடைய மனைவி ஏன் ஒன்பது ஆம்பிளையளைப் பற்றியே எழுதுறா, உம்மைப் பற்றி ஒரு வரியும் இல்லையே எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“என்னத்தைச் சொல்லுறது? எங்கட வீட்டில எல்லாரும் வாசிக்கிறவை எண்டு சொன்னன். அந்தாளுக்கு அது விளங்கேல்லை. இன்னும் ஆதாரம் வேணுமாம்.”

நான் ரெலிபோனை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என் ஏக்கம் முழுவதையும் அந்த நீலத்தாள்களில்தான் கொட்டியிருந்தேன். அதில் மனைவியையே காணவில்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அதிகாரி மீதும் பிழை சொல்ல முடியாது. நானே அவருடைய கதிரையில் இருந்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அண்ணா என்னை மார்க்கம் வீதியில், பலசரக்குக் கடைக்கு மேலே, இமிக்கிரேசன் அலுவல் பார்க்கும் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். “தங்கச்சி, உதைப் பாத்து எழுதும். சொல்லை அங்க இஞ்ச கொஞ்சம் மாத்தும். எட்டுக் கடிதம் காணும்.” அதில் ‘என் உயிரே, நீங்கள் இல்லாத கனடா எனக்கு ஒரு பாலைவனம்’ என்று இருந்தது. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை தண்டனைக்கு எழுதுவதுபோல, பாலைவனத்தை எட்டுத் தரம் எழுதி அனுப்பினேன்.

அவருடைய பதில் வந்தது. “அக்கா முதலாவதை வாசிச்சுப்போட்டு மூண்டு நாள் எனக்கு முகம் தரேல்லை. அத்தான்ர தாய் மட்டும் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னவ. எட்டையும் ஃபைலோட குடுத்திட்டன். அது கிடக்கட்டும், இந்த முறை முதலாவது அடிகாரன் எப்பிடி?”

அடுத்த வருடமும் மனதுக்குள் அதே பூவை வைத்தேன். இந்த முறை நேர்மையாக எடை போட என்னால் முடியவில்லை. களத்தடுப்பு ஓட்டைச் சட்டியாக இருந்தும் திறம் என்று எழுதினேன். தடியன் வாரக்கணக்கில் காற்றையே அடித்துக்கொண்டிருந்தும் நாளைக்கு அடிப்பான் என்று எழுதினேன். ஆசை வந்தால் கண் போய்விடும். அவர்கள் திரும்பவும் வென்றார்கள், என் பொய்களையும் மீறி. திரும்பவும் ஹோர்ன். திரும்பவும் தபால்பெட்டி. பத்தொன்பது நாள் பார்த்த முகம் எனக்கு மங்கத் தொடங்கியிருந்தது. கலியாணப் படத்தை எடுத்துப் பார்த்தால் அதிலிருப்பவர் கடிதம் எழுதுகிறவர் மாதிரித் தெரியவில்லை.

மூன்றாம் வருடக் கோடையில் அணி விழுந்துவிட்டது. என் முதலாவது அடிகாரன்கூடப் பொறுமை இழந்து, விடவேண்டிய பந்துகளுக்கெல்லாம் வீசினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நாலே வரி எழுதினேன். ‘துடுப்பாட்டம் களைத்துவிட்டது. களத்தடுப்பு இல்லை. இந்த வருடம் பிளேஓவுக்கு வழியே இல்லை. இனி எழுத ஒன்றும் இல்லை.’ தபாலில் போட்டுவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து அமெரிக்கா, கனடா முழுவதும் பேஸ்போல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிச்ச ஆட்டங்கள் நின்றன. அந்த வருடம் பிளேஓவே இல்லை என்று அறிவித்தார்கள். அறிவித்த கிழமைதான் அவருக்கு விசா கிடைத்தது. நான் எந்தப் பூவையும் வைத்திருக்கவில்லை.

விமான நிலையத்தில் அவர் அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான்தான் கூப்பிட்டேன். காரில் அண்ணா மட்டும் கதைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் சீனி குறைத்துத் தேநீர் கொடுத்தேன், “நல்லாயிருக்கு” என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். கடிதத்தில் இரண்டு பக்கம் கதைத்த மனிதர் சோபாவின் அந்த மூலையில், நான் இந்த மூலையில். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு என் கை தானாக ரி.வியைப் போட்டது. கோல்ஃப் ஓடியது. பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும்போல இருந்தது. மூன்று வருடமாக அவருக்காக ஏங்கினேன், அவர் வந்தபிறகு கொழும்பில் இருந்த அவருக்காக ஏங்கினேன்.

அவர்தான் எழும்பினார். “உந்த விளையாட்டு விளையாடுற இடம் பக்கத்தில எங்கையும் இருக்கோ?”

வோபர்னில் ஒரு பூங்காவுக்கு நடந்து போனோம். செம்மண் தளம், கம்பிவலை, ஒருவரும் இல்லை. அவர் யாரோ தைத்துக் கொடுத்த கோட்டுடன் நேராக உள்ளே போய், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நின்றார். “பூனை இஞ்சதானே?” என்றார். பிறகு இடது மூலைக்கு நடந்து போய், தலைக்கு மேலே பார்த்து, பிந்தித் திரும்பினார். ஒரு ஆட்டமும் பார்க்காத மனிதர். ஒரு இடமும் பிழைக்கவில்லை.

திரும்பி வந்து செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு கேட்டார்: “அந்தப் பாலைவனக் கடிதமெல்லாம் நீர் எழுதினதோ?”

“இல்லை. பாத்து எழுதினது.”

“நான் பயந்துபோனன்,” என்றார். “ஆரோ வேற மனிசியைக் கட்டியிட்டன் எண்டு.” கோட்டுப் பையிலிருந்து ஒரு நீலத்தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் காகிதம் வைத்து ஒட்டியிருந்தது. என்னுடைய அந்த நாலு வரி. “இதை நான் அக்காவுக்கு வாசிக்கக் குடுக்கேல்லை. தபால்காரனைத் தெருவில மறிச்சு வாங்கினனான். வாசிச்ச உடன தெரிஞ்சுது, இது எனக்கு மட்டும் எழுதினது.”

“அது அணியைப் பற்றி,” என்றேன்.

“ஓம்,” என்றார். “எல்லாம் அணியைப் பற்றித்தானே.”

அவர் சிரித்தார். கை வாய்க்குப் போகவில்லை.