எட்டாவது ஆள்

நகராட்சிக் குழாயைத் திறந்தால் இன்று பிளீச்சிங் பவுடர் வாசம் தூக்கலாக வந்தது. குளோரின். எனக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர் கவுஞ்சியில், கொடைக்கானல் போகும் ஜீப்புக்குள் நானும் தோழி செல்வியும் வெள்ளனே ஏறி உட்கார்ந்திருந்தோம். பூண்டு மூட்டைகளோடு இன்னும் ஐந்து பேர். எட்டுப் பேர் சேராமல் ஜீப் நகராது.

"வெரசா எடுங்கண்ணே, பரீட்சை இருக்கு" என்று செல்வி கெஞ்சினாள்.

"ஒரே ஆளும்மா, கெடைச்சதும் பறந்துருவோம்" என்றார் டிரைவர். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூவி அழைத்தார்.

நான் வாய்க்குள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள். எட்டாக்க ஒன்று வேண்டும். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று, அதைக் கொடுத்துவிடும். வரி தெரியும், பொருள் புரியாது.

அப்போது பின்னால் இன்னொரு ஜீப் வந்து நின்றது. அதில் ஒரே ஒரு அத்தை.

"ஏலே, ஒத்த ஆள வச்சு நான் என்ன செய்ய? நீயே கூட்டிட்டுப் போ. எனக்கு வீட்டுல சோலி கெடக்கு" என்றார் அந்த டிரைவர். அத்தை இங்கே மாறி ஏறியதும் ஜீப் கிளம்பியது. இரண்டு டிரைவர்களுக்கும் நிம்மதி.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"என்னடி?" என்றாள் செல்வி.

"சோடியம் தன்கிட்ட இருந்த ஒண்ணக் குளோரினுக்குக் குடுத்துருச்சுடி!"

சோடியமும் குளோரினும் எப்படிச் சேரும் என்ற கேள்வியே பரீட்சையில் வந்தது. சிரித்த முகத்தோடு விடைத்தாளை நீட்டினேன்.

"எல்லாம் தெரிஞ்ச கேள்வியாம்மா?" என்றார் டீச்சர்.

"காலையிலதான் மிஸ் தெரிஞ்சுச்சு" என்றேன்.