இருபது லட்சம் எடையுள்ள தூசி

பத்தொன்பது வருடமாக இருட்டறையில் லேசர் கருவியோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பிசின் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ‘லேசர் அக்கா’. பாலிமர் கரைசலில் ஒளியைப் பாய்ச்சி, அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து, மூலக்கூறின் எடையைச் சொல்ல வேண்டும். அதில் பாதி வேலை தூசியோடு மல்லுக்கட்டுவதுதான். கரைசலில் தூசி இருந்தால் ஒளி தாறுமாறாகச் சிதறி, இல்லாத எடையைக் காட்டிவிடும்.

பி.எச்டி. பட்டத்தோடு புதிதாக வந்த மேலாளருக்கு அவள் மனசுக்குள் வைத்த பெயர் சென்ட் டாக்டர். ஆள் வருமுன் வாசனை வந்துவிடும். அறிவு மட்டும் வந்தபாடில்லை. வடிகட்டப் பொறுமையில்லாமல் கரைசலை அப்படியே குப்பியில் ஊற்றி அளந்தார். இருபது லட்சம் என்றது திரை. எடை கூடினால் பிசினுக்கு விலையும் கூடும்; தலைகால் புரியாமல் ஆடினார் மனுஷர்.

“வடிகட்டினீங்களா சார்?”

“அதெல்லாம் உனக்கெதுக்குமா? போய்க் குப்பியைக் கழுவு.”

கழுவினாள். இந்த மண்டைக்குள்ளும் ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசினால் தேவலை என்று நினைத்துக்கொண்டே.

சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து பரிசோதகர் ஒரு பெண் வந்தார். “என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை அளந்து காட்டுங்க” என்றார். டாக்டர் பல்லைக் காட்டிக்கொண்டு அக்காவைக் கைகாட்டினார். அவள் முறைப்படி வடிகட்டி, குப்பியில் விரல் படாமல் துடைத்து வைத்தாள். ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

“மெஷின் பழசு மேடம், அதான்...”

“மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல சார்.” டாக்டர் மூடாமல் போட்டிருந்த புட்டியிலிருந்து வெறும் கரைப்பானை ஊற்றி வைத்து விளக்கை அணைத்தாள். பச்சைக் கதிர் நெடுகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. “இதுல பாலிமரே கிடையாது. மின்னுறதெல்லாம் தூசி. நீங்க எடை போட்டது இதைத்தான்.”

டாக்டர் முகத்தில் அசடு வழிந்தது. வந்தவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்; ஆர்டர் போயிற்று.

அடுத்த மாதம் டாக்டரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், தர ஆலோசகராக! கேட்டதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சரி, உனக்கு என்ன குடுத்தாங்க?” என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

“லெட்டர். இனிமே என் கையெழுத்து இல்லாம ஒரு எடையும் வெளிய போகாதாம்.”

“பெரிய விஷயம்தானே?”

“பெரிய விஷயம்தான். அதுல ‘ஒளிச்சிதறல்’னு ஒழுங்கா எழுதத் தெரியல. சின்ன ‘ர’ போட்டிருக்கானுங்க.”

மறுநாள் காலை அந்த எழுத்தைச் சிவப்பு மையில் சுழித்து, கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள்.